எறியாத தட்டு

விடிகாலை ஐந்துக்கு
உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி இயந்திரம்
என் கட்டைவிரலை ஏற்கவில்லை.
மறுபடி வை என்றது, வைத்தேன்.
நாளுக்கு நாற்பது முறை கழுவி
ரேகை தேய்ந்த விரல்.
பக்கத்து வரிசைக்கு அனுப்பினார்கள்.
அங்கே ஒருவர் படத்தைப் பார்த்தார்,
என் முகத்தைப் பார்த்தார்,
போ என்றார்.

நொவீனாவில், நான்காம் மாடியில்,
எனக்காக ஒரு சளி மாதிரி.
பெயரை நான் பார்ப்பதில்லை, கடைசி எண்கள் போதும்:
ஏழு ஏழு மூன்று ஒன்று.
ஆண், அறுபத்திரண்டு,
மாற்றுச் சிறுநீரகம், பதினான்கு மாதம்.
தங்கை கொடுத்தது என்று
டாக்டர் ஃபௌசியா தொலைபேசியில் சொன்னார்,
நான் கேட்காமலே.

தங்கை தந்ததை அந்நியம் என்று
உடம்பு அடித்து விரட்டிவிடக் கூடாதே,
அதற்குத்தான் இருவேளை மாத்திரை.
வாசற்காவலர் அத்தனை பேருக்கும்
தூக்கம்.
சிறுநீரகம் தங்கிவிட்டது.
கூடவே யாரோ நுழைந்திருக்கிறார்கள்.

நெஞ்சுப் படத்தில் ஒரு வெள்ளை முடிச்சு.
காசம் என்றார் ஒருவர்.
பூஞ்சை என்றார் ஒருவர்.
புற்று என்பதைச் சொல்லாமல் சொன்னார் மற்றொருவர்.
காய்ச்சல் எவர் பேச்சையும் கேட்காமல்
மாலை ஏழுக்கு வந்து
மணிக்கணக்காய் உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் நாள், தட்டில்
வாயில் வழக்கமாய்க் குடியிருப்பவைதான்.
விதிப்படி அப்படியே தட்டச்சு செய்து
மஞ்சள் பையில் போட்டுவிடலாம்.
கை போனது,
நின்றது.
கண்ணாடிச் சில்லின் மூலையில்
நூல் அறுந்த பாசிமணி போல ஒன்றை
முந்தாநாள் பார்த்திருந்தேன்.
சாயக் கசடு என்று நகர்ந்தும் விட்டிருந்தேன்.
மூடியில் எழுதினேன்:
எறியாதே. கோமளா.

வைக்க இடமில்லை லா, என்றாள் ஷு ஹுய்.
மூன்றாம் நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாள் எனக்கு விடுப்பு;
ஜொகூரில் துணி காயப்போட்டபடி
அந்தத் தட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள்
கரி கலந்த கறுப்புத் தட்டில்
கரும்பலகைக்கு அடியில் உதிர்ந்த
சுண்ணக்கட்டித் தூள்.

தட்டுகளை முகரக் கூடாது,
ஆய்வகத்தில் முதல் பாடம் அது.
நான் முகரவில்லை.
மூடி விலகிய அரைக்கணம்
அதுவே வந்தது:
மழை விழுந்த மண்.
ஆயிரம் கவிதை புகழ்ந்த அதே மணம்,
ஒரு மனிதரின் நுரையீரலிலிருந்து.

பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்து
ஊசியால் தொட்டேன்.
வழியவில்லை, பொடிந்தது.
பெரிய இயந்திரத்திடம் கொடுத்தேன்,
தனக்குத் தெரிந்த முகங்களை எல்லாம் புரட்டிவிட்டு
'பொருத்தம் இல்லை' என்று சிவப்பில் கைவிரித்தது.
என் கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

பிறகு பழைய வழி.
அமிலத்தைத் தண்ணீராய் நீர்த்து
சாயம் ஏற்றி, கழுவி, எண்ணெய்ச் சொட்டு விட்டு
குனிந்தால்
நீலத்தில் இளஞ்சிவப்பு இழைகள்,
கிளைத்துக் கிளைத்து, மணி மணியாய்.

நொக்கார்டியா, என்றேன் தொலைபேசியில்.
அந்தப் பக்கம் சற்று மௌனம்.
தலையையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறேன், என்றார்.
எடுத்தார்கள். உளுந்தளவு ஒரு வளையம்.

தோ பாயோவில் புளோக்குக்குக் கீழே
சமூகத் தோட்டத்தில் அவருக்கு ஒரு பாத்தியாம்.
உரத்தைக் கிளறிக் கத்தரி நட்டாராம்.
கையுறை போடச் சொன்னோமே என்றதற்கு
'போட்டால் மண் ஈரமா என்று எப்படித் தெரியும்?'

சல்ஃபா மாத்திரை, ஓராண்டுக்கு.
மூன்று மாதம் கழித்து
அதே நான்கு எண்கள் வந்தன.
இரண்டு வாரம் வைத்திருந்து எழுதினேன்:
வளரவில்லை.

ஷு ஹுய் கோப்பி வாங்கித் தந்தாள்.
நன்றாகத்தான் இருந்தது.
பதினோரு வருடம் இந்த மேசையில்.
கை நிற்காமல் போன
இரண்டாம் நாட்கள் எத்தனை?
அந்தத் தட்டுகளுக்கும் எண் இருந்தது.
ஒன்றுகூட நினைவில் இல்லை.